ஏப்ரலில் நான்கு தேதிகள்

ஜனவரி 9

அன்புள்ள அண்ணா,

நான் சுகமாக இருக்கிறேன். உன் முழங்கால் எப்படி? டாக்டர் கொடுத்த மருந்தைத் தடவுகிறாயா, இல்லை மேசை இழுப்பறையில் போட்டு மூடிவிட்டாயா?

பிப்ரவரி மாதப் பிறப்புகளைச் சீட்டுகளில் எழுதி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். மாதக் கடைசி கொஞ்சம் மெலிந்திருக்கிறது. கிடைத்தது அவ்வளவுதான். பதினெட்டு வருடமாக உன் “இதே நாளில்” பத்திக்குச் செத்தவர்கள், போர்கள், மூழ்கிய கப்பல்கள் உன் பொறுப்பு. பிறந்தவர்கள், கண்டுபிடிப்புகள், திறப்பு விழாக்கள் என் பொறுப்பு என்று வண்டி ஓடுகிறது. உன் பத்திரிகையில் ஒருவருக்கும் இது தெரியாது என்பதை நான் குறையாகச் சொல்லவில்லை. தெரியாது என்று மட்டும் சொல்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உட்கார்ந்துகொண்டு படி.

என் நூலகத்துக்கு எதிரே கண்ணாடிக் கடை வைத்திருப்பவரை உனக்குத் தெரியும். போன முறை நீ வந்தபோது உடைந்த ஃபிரேமை மாற்றிக் கொடுத்தார். மனைவி இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. தினமும் காலையில் என் பிரிவுக்கு வந்து செய்தித்தாள் படித்துவிட்டுத்தான் கடை திறப்பார். போன மாதம் என் கண்ணைப் பரிசோதித்தார். எழுத்துப் பலகையின் கடைசி வரியைப் படிக்கச் சொன்னார். படித்தேன். “இந்த வரிய இதுவரைக்கும் யாரும் படிச்சதில்லீங்க. என்னைக் கட்டிக்கிறீங்களா?” என்றார். நான் இரண்டு நாள் யோசித்துவிட்டு, சரி என்றேன்.

ஐம்பத்து நாலு வயதில் என்ன கல்யாணம் என்று கேட்பாய். கேள். பதில் வைத்திருக்கிறேன்.

பதிவு அலுவலகத்தில் செவ்வாயும் வெள்ளியும்தான் கல்யாணம். அவருடைய மகன் கப்பலில் வேலை பார்க்கிறான்; ஏப்ரலில் இரண்டு வாரம் விடுப்பில் வருகிறான். அதற்குப் பிறகு இரண்டு வருடம் கழித்துத்தான் வருவான். மகன் இல்லாமல் இவர் கையெழுத்துப் போடமாட்டார். ஆகவே ஏப்ரல் 12, 15, 19, 22. இந்த நான்கில் ஒன்று. என் பக்கத்துச் சாட்சி நீ. உனக்கு எது வசதி என்று ஒரு வரி எழுது.

அன்புடன்,
தங்கை


ஜனவரி 17

அன்புள்ள தங்கைக்கு,

கடிதமும் சீட்டுகளும் வந்தன. முழங்கால் முழங்காலாகவே இருக்கிறது. அங்கே பனி அதிகமென்று கேள்விப்பட்டேன். காதை மூடிக்கொண்டு போ.

பிப்ரவரி 20-க்கு நீ கொடுத்த ஆள் பிறந்தது 21-ஆம் தேதி. இரண்டு கலைக்களஞ்சியங்களைப் புரட்டி உறுதி செய்தேன். இனி கவனமாக இரு.

நீ கேட்ட தேதிகளில் முதல் இரண்டைப் பார்த்தேன். ஏப்ரல் 12: 1861-இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கிய நாள். 1945-இல் அதிபர் ரூஸ்வெல்ட், உருவப்படத்துக்கு உட்கார்ந்திருந்தவர், தலை வலிக்கிறது என்று சொல்லிவிட்டுச் சாய்ந்தார். ஏப்ரல் 15: டைட்டானிக் மூழ்கிய நாள். அதே தேதியில்தான் லிங்கனும் உயிர்விட்டார். மாப்பிள்ளையின் மகன் கப்பல்காரன் என்கிறாய். அவனிடம் ஏப்ரல் 15 என்று சொல்லிப் பார், முகத்தைக் கவனி.

நம் வீட்டில் நாள் பார்க்கிற வழக்கம் இல்லை. அப்பா அதையெல்லாம் ஒழித்துக் கட்டியவர். நானும் பார்ப்பதில்லை. தெரிந்த தகவலைச் சொல்கிறேன், அவ்வளவே.

மார்ச் மாதச் சீட்டுகளை இந்த முறை கொஞ்சம் முன்னதாக அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்


ஜனவரி 24

அன்புள்ள அண்ணா,

நான் நலம். காதை மூடிக்கொண்டுதான் போகிறேன்.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பின்பக்கமும் திருப்பிப் பார்த்தேன். “சந்தோஷம்” என்ற ஒரு வார்த்தை எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தேடினேன். ரூஸ்வெல்ட்டின் தலைவலிதான் கிடைத்தது.

ஏப்ரல் 12-இல்தான் ககாரின் விண்வெளிக்குப் போனார். அந்தச் சீட்டை உனக்கு எழுதி அனுப்பியவளே நான். ஏப்ரல் 15-இல் லியோனார்டோ டாவின்சி பிறந்தார். கப்பல்காரனைக் கேட்டுப் பார் என்றாயே, அவன் துறைமுகத்திலிருந்து தொலைபேசியில் பேசியபோது அவனுடைய அப்பா கேட்டார். “டைட்டானிக் மூழ்கின தேதியப் பாத்தா நாங்க கப்பலே ஏற முடியாது. அந்த மாமாவ நான் வந்து பாக்கணும்” என்றானாம்.

கண்ணாடிக்காரரிடம் உன் கடிதத்தைக் காட்டினேன். வாசலுக்குப் போய் வெளிச்சத்தில் படித்தார். “உங்க அண்ணன் வேண்டாம்னு சொல்றாரா, இல்ல தேதி வேண்டாம்னு சொல்றாரா?” என்று கேட்டார். அவர் மேல் உனக்கு ஏதாவது மனக்குறை இருந்தால் நேராகச் சொல், அண்ணா. ஃபிரேமுக்கு அதிகமாக வாங்கிவிட்டாரா? பேச்சு பிடிக்கவில்லையா? எதுவாக இருந்தாலும் சொல். செத்த அதிபர்களைத் தூதுக்கு அனுப்பாதே.

மீதி இரண்டு தேதிகளில் ஒன்றைச் சொல். பதிவு அலுவலகத்தில் முப்பது நாள் முன்னதாக மனுக் கொடுக்க வேண்டும்.

மார்ச் மாதச் சீட்டுகள் தயாராகின்றன.

அன்புடன்,
தங்கை


பிப்ரவரி 12

அன்புள்ள தங்கைக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. இரண்டு வாரம் சளி. இப்போது தேவலை. நீயும் வெந்நீர் குடி.

இன்றைய பத்தியில் உன் சீட்டுகள் இரண்டும் வந்திருக்கின்றன. 1809, பிப்ரவரி 12: லிங்கன் பிறந்தார். அதே வருடம் அதே நாள் டார்வின் பிறந்தார். இருவரையும் ஒரே வரியில் கோத்து எழுதியிருந்தாய். நன்றாக இருந்தது. ஆசிரியர்கூட, “இந்தக் கடைசி வரி மட்டும் வேற ஆள் எழுதின மாதிரி இருக்குதே” என்றார். நான் மறுநாள் பத்தியை எடுத்து நீட்டினேன்.

அச்சுக்குக் கொடுத்த பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. லிங்கன் இறந்தது ஏப்ரல் 15. டார்வின் இறந்தது ஏப்ரல் 19. ஒரே நாளில் பிறந்த இரண்டு பேரை உன் இரண்டு தேதிகள் ஆளுக்கொருவராகக் கொண்டுபோயிருக்கின்றன. இதைத் தற்செயல் என்றுதான் நானும் சொல்வேன். ஆனாலும் பார்த்துவிட்டேன், பார்த்ததைப் பார்க்காததுபோல் இருக்க என்னால் முடியாது.

19-ஐப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். 1906-இல் அன்றுதான் பியர் கியூரி மழையில் தெருவைக் கடக்கும்போது குதிரை வண்டியில் அடிபட்டு இறந்தார். மனைவி வீட்டுக்கு வந்த பிறகுதான் செய்தி தெரிந்தது. 22-ஆம் தேதியோ, முதல் உலகப் போரில் விஷவாயுவைப் பெருமளவில் திறந்துவிட்ட நாள். அன்றைக்குப் பிறப்பு என்று நீ யாரைக் கொடுப்பாய் என்று உன் பழைய சீட்டைப் பார்த்தேன். ஓப்பன்ஹைமர். உன் பிறப்பிலும் ஓர் அணுகுண்டு இருக்கிறது.

அவசரம் என்ன? மகன் மறுபடி இரண்டு வருடத்தில் வரத்தானே போகிறான்?

மார்ச் மாதச் சீட்டுகள் இன்னும் வரவில்லை.

அன்புடன்,
அண்ணன்


பிப்ரவரி 16

அண்ணா,

நலம்.

மார்ச் மாதச் சீட்டுகள் வராது. எழுதி முடித்து, கட்டி, என் மேசையில்தான் இருக்கின்றன. அனுப்பமாட்டேன்.

வருடத்தில் எந்த நாளை எடுத்தாலும் எவனோ ஒருவன் செத்திருக்கிறான். உலகம் அவ்வளவு பழசு. நீ கேட்கிற சுத்தமான நாளைத் தேடிப் போனால் ஆதாமுக்குப் பிறகு ஒருவனுக்கும் கல்யாணம் நடந்திருக்காது. எந்தத் தேதியைக் கொண்டுவந்தாலும் அதில் ஒரு பிணத்தைக் கிடத்தி வைக்கிறாய். அவசரம் என்ன என்று கேட்கிறாய். எனக்கு ஐம்பத்து நாலு, அவருக்கு ஐம்பத்தெட்டு. நீயே கணக்குப் போட்டுக்கொள்.

தேதி எழுதி அனுப்பு. சீட்டு அனுப்புகிறேன். அதுவரை உன் பத்திக்குப் பிறப்புகளை நீயே பெற்றுக்கொள்.

உடம்பைப் பார்த்துக்கொள். அது கோபத்தில் சேராது.

தங்கை


மார்ச் 6

அன்புள்ள தங்கைக்கு,

நான் நலம். நீயும் நலமென்று நினைக்கிறேன். சளி முழுக்க விட்டுவிட்டது.

பத்தி நன்றாகவே போய்க்கொண்டிருக்கிறது. கடைசி வரிக்குப் பிறப்புத் தேடுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. உள்ளூர்ப் பிரமுகர்களையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒரு புது யோசனை செய்தேன். வாசகர்களிடமிருந்து நிறையக் கடிதங்கள் வருகின்றன. சிலர் நேரிலும் வந்தார்கள்.

இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. அலுவலக மின்விசிறி ஒரு பக்கமாகச் சாய்ந்து சுற்றுகிறது. வேறு விசேஷம் இல்லை.

அன்புடன்,
அண்ணன்


மார்ச் 9

அன்புள்ள அண்ணா,

வேறு விசேஷம் இல்லையா?

நான் எங்கே வேலை பார்க்கிறேன் என்பது உனக்கு மறந்துவிட்டது. நூலகத்தில், செய்தித்தாள் பிரிவில். உன் பத்திரிகை இரண்டு நாள் தாமதமாக வந்தாலும் வந்துவிடுகிறது. அதைக் கழியில் செருகி மாட்டுகிறவளே நான்தான்.

மார்ச் 2-ஆம் தேதிப் பத்தியின் கடைசி வரி: “எண்பது ஆண்டுகளுக்கு முன் இதே நாளில் பிறந்த நம் நகரின் முன்னாள் மேயர் காலமானார்.” மார்ச் 3, முதல் பக்கம், கட்டம் போட்டு: “முன்னாள் மேயர் நலமாக இருக்கிறார். பிழைக்கு வருந்துகிறோம்.” நேரில் வந்த வாசகர்கள் யாரென்று இப்போது புரிகிறது. மேயர் வீட்டிலிருந்து வந்திருப்பார்கள்.

எப்படி, அண்ணா? பிறந்தநாள் வாழ்த்து எழுத உட்கார்ந்து ஒரு மனிதரைக் கொல்வது எப்படி? காரணம் எனக்குத் தெரிகிறது. பதினெட்டு வருடமாக ஒவ்வொரு பெயருக்கும் பிறகு உன் கை “காலமானார்” என்று எழுதிப் பழகிவிட்டது. பிறந்தார் என்று எழுதத் தெரியாத கை. எல்லாப் பிறப்பையும் என்னிடம் தள்ளிவிட்டதன் பலன்.

கண்ணாடிக்காரர் அதைப் படித்துவிட்டுச் சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பிறகு, “பாவம், அவருக்கு வேலைக்கு ஒண்ணும் ஆயிடலயே?” என்று கேட்டார். அதையே நானும் கேட்கிறேன். ஆசிரியர் என்ன சொன்னார்? மறைக்காமல் எழுது.

இன்னொன்று. நேற்று நாங்கள் இருவரும் பதிவு அலுவலகத்துக்குப் போய் மனுக் கொடுத்துவிட்டோம். ஏப்ரல் 19, செவ்வாய், காலை பதினொரு மணி. டார்வினும் கியூரியும் என்னை மன்னிக்கட்டும். நீ வந்தாலும் நடக்கும், வராவிட்டாலும் நடக்கும். சாட்சிக் கையெழுத்துக்கு என் பிரிவுப் பியூனைக் கூப்பிட்டுக்கொள்வேன். அவனுக்கு வரலாறு தெரியாது.

மீதி மார்ச்சுக்கான சீட்டுகளை அனுப்பியிருக்கிறேன். உனக்காக இல்லை. ஊரில் உயிரோடு இருக்கிறவர்களுக்காக.

அன்புடன்,
தங்கை


மார்ச் 30

மதிப்புக்குரிய ஐயா அவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன முறை மாட்டிக் கொடுத்த ஃபிரேம் மூக்கில் அழுத்தினால் சொல்லுங்கள், தளர்த்தித் தருகிறேன்.

நான் கண்ணாடிக் கடைக்காரன். கடிதம் எழுதிப் பழக்கமில்லை. உங்கள் தங்கைக்குத் தெரியாமல் இதை எழுதுகிறேன். தெரிந்தால் எனக்குத்தான் ஆபத்து.

நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும் கல்யாணம் நடக்கும் என்று உங்களுக்கு எழுதியதாகச் சொன்னாள். பியூனைச் சாட்சிக்குக் கூப்பிடப்போவதாகவும் எழுதினாளாம். அதை எழுதித் தபாலில் போட்டுவிட்டு நேராகக் கடைக்கு வந்தாள். ஸ்டூலில் உட்கார்ந்தாள். “அண்ணன் வரலன்னா நான் கையெழுத்துப் போடமாட்டேன். இப்பவே சொல்லிடறேன். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக்கூடாது” என்றாள். பிறகு தினமும் தபால்காரரைப் பார்க்கிறாள். மூன்று வாரமாக உங்களிடமிருந்து ஒன்றும் இல்லை. நேற்று, “மகனுக்கு எழுதிடுங்க, லீவ அப்புறம் எடுத்துக்கட்டும்” என்றாள். நான் இன்னும் எழுதவில்லை.

ஏப்ரல் 19 அன்று கியூரி என்பவர் வண்டியில் அடிபட்டதாகப் படித்தேன். எங்கள் தெருவில் குதிரை வண்டி கிடையாது. இருந்தாலும் இரண்டு பக்கமும் பார்த்துத்தான் கடப்பேன். கண்ணாடி விற்கிறவன் வண்டியில் அடிபட்டால் வியாபாரத்துக்கு நல்லதல்ல.

என்னைப் பிடிக்கவில்லை என்றால் அதை எனக்கு எழுதுங்கள். தாங்கிக்கொள்வேன். அவளிடம் தேதி தேதியாகச் சொல்லவேண்டாம். இன்னொன்று தோன்றுகிறது, தவறாக இருந்தால் மன்னியுங்கள். கல்யாணம் ஆகிவிட்டால் உங்களுக்குச் சீட்டு எழுதி அனுப்பமாட்டாள் என்று நினைக்கிறீர்களோ? அதை நீங்கள் கேட்கவே இல்லை. அவளும் சொல்லவில்லை. கடையில் பின்பக்கம் ஒரு மேசை காலி செய்து வைத்திருக்கிறேன். அது அவளுடைய சீட்டுகளுக்காகத்தான்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள
கண்ணாடிக்காரன்


ஏப்ரல் 4

அன்புள்ள தங்கைக்கு,

நலம். நீ நலமா? தூங்குகிறாயா?

எழுதாததற்குக் காரணம் கேட்பாய். ஆசிரியர் எனக்கு ஏப்ரல் முடியும்வரை ஓய்வு கொடுத்திருக்கிறார். தண்டனை என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பத்தி இருந்த இடத்தில் குறுக்கெழுத்துப் போட்டி வருவதை நூலகத்தில் நீயே பார்த்திருப்பாய். வீட்டில் உட்கார்ந்து அதைப் போட்டுப் பார்க்கிறேன். பாதிக்கு மேல் நகர்வதில்லை.

மறைக்காமல் எழுது என்றாய். மார்ச் 2 காலையில் மேயர் வீட்டில் பிறந்தநாள் விருந்து. வாசலில் ஒருவர் பின் ஒருவராக மலர்வளையத்தோடு வந்திருக்கிறார்கள். வந்தவர்களைத் திருப்பி அனுப்ப மனமில்லாமல் உட்காரவைத்துக் கேக் கொடுத்திருக்கிறார். அலுவலகத்துக்குத் தொலைபேசி வந்தது. நான்தான் எடுத்தேன். “யார் பேசறீங்க?” என்றேன். “காலமானவன் பேசறேன். ஆசிரியர் இருக்காரா?” என்றார். ஆசிரியரிடம் கொடுத்துவிட்டேன். பிறகு அவர் என்னைக் கூப்பிட்டு, “இத்தனை வருஷமா கடைசி வரி இப்படி இல்லையே, என்னய்யா ஆச்சு?” என்றார். கடைசி வரி என்னுடையது இல்லை, பதினெட்டு வருடமும் என் தங்கையுடையது என்று சொல்லிவிட்டேன். “அப்ப அந்தம்மாவ வேலைக்கு வெச்சுகிட்டு உம்மை அனுப்பியிருக்கலாமே” என்றார். சிரித்தாரா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை.

19-ஆம் தேதி காலை ரயிலில் வருகிறேன். ஒன்பதரைக்கு வந்து சேரும். பியூனிடம் வரவேண்டாம் என்று சொல். ரயில் நிலையத்துக்கு யாரும் வரவேண்டாம். நூலகத்துக்கு எனக்கு வழி தெரியும்.

மாப்பிள்ளையிடம் ஃபிரேம் மூக்கில் அழுத்தவில்லை என்று சொல்.

அன்புடன்,
அண்ணன்


ஏப்ரல் 24

அன்புள்ள அண்ணா,

நாங்கள் நலம். நீ நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்தாயா? சாப்பிட்டு முடித்த கையோடு பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாயே, எந்தப் பத்தி அங்கே உனக்காகக் காத்திருந்தது?

மூக்கில் அழுத்தவில்லை என்று எழுதினாயே, அவர் உனக்கு எழுதியது அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. கேட்டேன், முழித்தார். விட்டுவிட்டேன்.

பதிவு அலுவலகத்தில் நீ செய்ததை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. பதிவாளர் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார்: “இந்தத் திருமணத்துக்கு யாருக்காவது ஆட்சேபணை இருக்குதா?” நீ தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுந்தாய். கப்பல்காரன் என் கையைப் பிடித்துக்கொண்டான். இவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். உன்னைப் பார்க்க விரும்பவில்லையாம்.

“ஒரு திருத்தம். பொண்ணோட பொறந்த தேதி தப்பு. ஜூன் ஒண்ணு இல்ல. அக்டோபர் பதினாலு.”

பதிவாளர் தாளைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார். “பள்ளிச் சான்றிதழ்ல ஜூன் ஒண்ணுன்னு இருக்குதே.”

“அது எங்கப்பா குடுத்த தேதி. அஞ்சு வயசு ஆகலன்னா சேத்துக்கமாட்டேன்னாங்க. நாலு மாசம் முன்னாடி தள்ளிட்டாரு.”

“ஆதாரம் இருக்குதா?”

“நான்தான் ஆதாரம். எனக்கு அப்ப எட்டு வயசு. வாசப்படியில உக்காந்திருந்தேன். பொறந்து ரொம்ப நேரம் இவகிட்ட சத்தமே இல்ல. கொழந்த போயிடுச்சுன்னு பக்கத்து வீட்டுக்காரரு வந்து அப்பா தோளத் தட்டிட்டுப் போயிட்டாரு. அப்புறம்தான் கத்தினா. இன்னி வரைக்கும் நிறுத்தல.”

அறையில் எல்லாரும் சிரித்தார்கள். பதிவாளர் சிரிக்கவில்லை. “ஐயா, நீங்க கல்யாணத்துக்குத்தான் சாட்சி. பொறப்புக்கு இல்ல. கையெழுத்துப் போடுங்க” என்றார். நீ போட்டாய். அந்தத் தாளில் உன் கையெழுத்து கோட்டை விட்டுக் கீழே இறங்கியதை நான் பார்த்தேன். நீ முழங்கால் வலி என்றாய். கைக்கும் முழங்காலுக்கும் என்ன சம்பந்தம்?

அண்ணா, ஐம்பத்து நாலு வருடம்! உலகத்தில் யார் யார் எந்தத் தேதியில் பிறந்தார்கள் என்று ஊருக்கெல்லாம் தேடிக் கொடுத்தவள் நான். என் தேதி எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். ஏன் சொல்லவில்லை? இவர் வேறு, நாலு மாதம் இளமையான மனைவி கிடைத்திருக்கிறாள் என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பதில் எழுது. மே மாதச் சீட்டுகள் பின்மேசையில் எழுதியவை.

அன்புடன்,
தங்கை


மே 3

அன்புள்ள தங்கைக்கு,

நலமாக வந்து சேர்ந்தேன். மாப்பிள்ளையும் நீயும் நலமா? கப்பல்காரன் திரும்பிப் போய்விட்டானா?

நேற்றிலிருந்து பத்தி மறுபடி வருகிறது. குறுக்கெழுத்துக்குப் பழகிய வாசகர்கள் மூன்று பேர் கோபித்துக்கொண்டு எழுதியிருக்கிறார்கள்.

தேதியை ஏன் சொல்லவில்லை என்று கேட்டாய். நீ கேட்டதில்லை. அப்பாவும் சொல்லவேண்டாம் என்றார். பள்ளிக்கூடத்தில் உளறிவிடுவாய் என்று பயம். அப்புறம் பழகிவிட்டது.

ஜூன் மாதச் சீட்டுகளை இருபதாம் தேதிக்குள் அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்


மே 11

அன்புள்ள அண்ணா,

மூன்று பேரும் நலம். கப்பல்காரன் போகும்போது, ஏப்ரல் 15 அன்று நடுக்கடலிலிருந்து உனக்கு ஒரு தந்தி கொடுப்பதாகச் சொல்லிவிட்டுப் போனான். அடுத்த வருடம் எதிர்பார்.

“நீ கேட்டதில்லை.” இதுதான் பதிலா? நிருபராக இத்தனை காலம் எப்படித்தான் குப்பை கொட்டினாயோ.

நீ சொல்லமாட்டாய் என்று தெரிந்ததால் நானே தேடினேன். என் சீட்டுகளின் நகல்கள் எல்லாம் இங்கே இருக்கின்றன. அக்டோபர் 14-க்கு மட்டும் ஒரு சீட்டும் இல்லை. அப்போதுதான் நினைவு வந்தது. முதல் வருடமே, “அந்த ஒரு நாளுக்கு வேண்டாம், என்னிடம் கையிருப்பு இருக்கிறது” என்று எழுதினாய். ஒரு நாள் வேலை மிச்சம் என்று நானும் விட்டுவிட்டேன். உன் பத்திரிகையின் பழைய தொகுதிகளை மேல் அலமாரியிலிருந்து இறக்கச் சொன்னேன். பியூன் முணுமுணுத்துக்கொண்டே இறக்கினான். தும்மித் தும்மிப் பார்த்தேன்.

பதினெட்டு அக்டோபர் 14. ஒன்றில்கூட ஒருவரும் சாகவில்லை.

ஒரு விமானம் முதன்முதலாக ஒலியைவிட வேகமாகப் பறக்கிறது. மற்ற வரிகளில் யாரோ பிறக்கிறார்கள், எதையோ கட்டுகிறார்கள், திறக்கிறார்கள். நீ எழுதி இப்படி ஒரு பத்தியை நான் கண்டதே இல்லை. அன்றைக்கு 1066-இல் ஹேஸ்டிங்ஸ் போர் நடந்தது. இங்கிலாந்தின் ராஜா போர்க்களத்திலேயே மாண்டார். உன்னைப் போன்ற ஆளுக்குக் கரும்பு தின்னக் கூலி. பதினெட்டு வருடமும் அதை விட்டுவிட்டாய். 1944-இல் ஜெர்மன் தளபதி ரொமெல் அன்றுதான் இறந்தார். அவரையும் விட்டுவிட்டாய். முன்னாள் மேயரை உயிரோடு கொன்ற மனிதன், செத்தவர்களை வரிசையாக உயிரோடு வைத்திருக்கிறாய்.

நாள் பார்க்கிற வழக்கம் நம் வீட்டில் இல்லை என்று எனக்கு எழுதினாயே, அண்ணா. நீ பார்த்த மாதிரி யாரும் பார்த்ததில்லை. நானோ உனக்கு இவரைப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு நாலு மாதம் ராத்திரியில் பல்லைக் கடித்தேன். இதை ஜனவரியிலேயே ஒரு வரியில் எழுதியிருந்தால் என்ன? எழுதமாட்டாய். உன்னிடம் கோபித்துக்கொள்வதும் ஒன்றுதான், சுவரிடம் கோபித்துக்கொள்வதும் ஒன்றுதான்.

ஆனால் ஒரு பத்திரிகைக்காரன் தெரிந்த தகவலை மறைக்கக்கூடாது. அதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவன் நீ. ஆகையால் இந்த வருடம் அக்டோபர் 14-க்கு முதன்முறையாக நானே சீட்டு எழுதி இத்துடன் அனுப்புகிறேன். இரண்டும் இறப்புகள். சரிபார்த்துவிட்டேன், தேதியில் தவறில்லை. வெட்டாமல் போடு.

ராஜா சாகட்டும், அண்ணா. எனக்கு ஒன்றும் ஆகாது.

அன்புடன்,
தங்கை